பிரிக்கக் கூடாத பொட்டலம்

கரும்பலகை ஈரமாக இருந்தது. கொடைக்கானலில் ஆடி மாதத்துக் கரும்பலகை அப்படித்தான் இருக்கும். ஜன்னலை இறுக்கிச் சாத்தினாலும் மூட்டம் எந்தச் சந்து வழியாகவோ உள்ளே வந்து பலகையில் வேர்த்து நிற்கும். சாக்பீஸை வைத்தால் எழுத்து விழாது, வழுக்கிக்கொண்டு போகும். முந்தானை நுனியால் ஒரு தரம் துடைத்துவிட்டு எழுத ஆரம்பித்தேன்.

மூன்று சொற்கள். லெட், அலவ், பெர்மிட்.

எட்டாம் வகுப்புப் பெண்கள் ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, தலைமையாசிரியை டெய்சி டீச்சர் உட்கார்ந்திருந்தார். நான் நடத்தியது மாதிரிப் பாடம். நன்றாக நடத்தினால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீஷ் டீச்சர் வேலை. தடுமாறினால் பூம்பாறைக்குத் திரும்பிப்போய்ப் பூண்டுக் காட்டில் களை எடுக்க வேண்டியதுதான்.

பாடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்தான் புத்தகத்தைத் திறந்து, இதை எடுங்கள் என்று விரல் வைத்துக் காட்டினார். ஒருவரை ஒன்றைச் செய்ய விடுவதற்கு இங்கிலீஷில் மூன்று வினைச்சொற்கள் இருக்கின்றன, எதை எங்கே போடுவது என்பது பாடம்.

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். லெட் என்பது வீட்டுப் பேச்சு. அம்மா பிள்ளையை மழையில் விளையாட விடுகிறாள், அது லெட். அதன் பின்னால் 'டு' என்ற வாலை ஒட்டக் கூடாது. அலவ் கொஞ்சம் தள்ளி நிற்கும். ஒரு வழக்கமோ, ஒரு பெரியவரின் சம்மதமோ அங்கே வந்துவிடும். பெர்மிட் காக்கிச் சட்டை போட்டது. அதற்கு ஆபீசர் வேண்டும், கையெழுத்து வேண்டும், ரப்பர் ஸ்டாம்ப் வேண்டும்.

உதாரணம் கேட்டதும் ஸ்டெல்லா என்ற பெண் எழுந்தாள். அவள் அப்பா ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் சமையல்காரர். மதுவிலக்கு இருந்த காலம் அது. துரைமார்களுக்கு மட்டும் குடிக்க பெர்மிட் உண்டு.

"எங்க துரைக்கு பெர்மிட் இருக்கு டீச்சர், அவர் குடிக்கலாம். எங்க அப்பாவுக்கு பெர்மிட் இல்ல. அதனால போலீஸ் புடிச்சிட்டாங்க."

வகுப்பு சிரித்தது. டெய்சி டீச்சரும் சிரித்தார். நான் அதை அப்படியே இங்கிலீஷில் பலகையில் எழுதிப் போட்டேன். புத்தகத்தில் இருந்த உதாரணங்களைவிட நன்றாக இருந்தது.

பாடம் முடிந்ததும் டெய்சி டீச்சர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ரொம்ப நல்லா எடுத்தீங்க மரகதம். வேலை உங்களுக்குத்தான். ஒரே ஒரு ஃபார்மாலிட்டி. மேரேஜ் ஆன டீச்சர்ஸுக்கு இங்க ஒரு ரூல் வெச்சிருக்கோம். ஹஸ்பெண்ட் நேர்ல வந்து, நான் பெர்மிட் பண்றேன்னு எங்கிட்ட சொல்லணும்."

பெர்மிட் காக்கிச் சட்டை போட்டது என்று இப்போதுதான் உள்ளே சொல்லிவிட்டு வந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு எப்போது உத்தியோகம் ஆயிற்று என்று கேட்க வாய் வந்தது. வேலை வேண்டுமே, அடக்கிக்கொண்டேன்.

அதே வாரம் வத்தலக்குண்டிலிருந்து ஒரு சயன்ஸ் வாத்தியாரும் சேர்ந்தார். அவர் மனைவி கைக்குழந்தையோடு ஊரில் இருந்தாள். அவளைக் கூட்டிவந்து பெர்மிட் பண்ணச் சொன்னார்களா என்று பிற்பாடு டெய்சி டீச்சரிடம் கேட்டேன். "அது வேற மரகதம்" என்றார். இந்த 'அது வேற' என்பதை என் ஆயுளில் எத்தனை வாய் சொல்லிக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பெருந்தன்மை

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு வாசகர். இந்தத் தொடரில் நான் டீச்சராக இருந்ததைப் போகிற போக்கில் ஓரிடத்தில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் திண்டுக்கல் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். "அந்தக் காலத்தில் மனைவியை வேலைக்குப் போக அனுமதித்த உங்கள் கணவரின் பெருந்தன்மையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே" என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

ஐயா, ஒரு வரியில் அடங்காது. அதனால்தான் எழுதவில்லை. கேட்டுவிட்டீர்கள், இந்த வாரம் முழுக்க அதுதான்.

கோபமாக எழுதுகிறாளே என்று தோன்றினால், ஆமாம், கோபம்தான். வயதானால் ஆறிவிடும் என்பார்கள். என்னுடையது ஆறவில்லை.

அப்பா வாங்கிய குடை

பழனி அடிவாரத்தில் என் அப்பாவுக்கு விபூதி, சந்தனம், பூசைச் சாமான் கடை. எங்கள் வீட்டுத் துணி, தலையணை, பாடப்புத்தகம் எல்லாமே விபூதி வாசம் அடிக்கும். பூசத்துக்கு நடந்து வருகிற கூட்டம் இறங்கிவிட்டால் வீட்டில் உலை வைக்கக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மூட்டைமேல் உட்கார்ந்து படித்துத்தான் பள்ளிப் படிப்பை முடித்தேன்.

திண்டுக்கல்லுக்குப் போய் டீச்சர் டிரெய்னிங் படிக்கவேண்டும் என்றபோது சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அப்பாவுக்குப் புத்தி சொன்னார்கள். ஹாஸ்டலில் விடுவதாவது, வயசுப் பெண்ணாயிற்றே என்றார்கள். அப்பா எல்லாருக்கும் காப்பி கொடுத்தார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் கடைவீதியிலிருந்து வரும்போது கையில் ஒரு கறுப்புக் குடை. என் டிரங்குப் பெட்டிக்கு மேலே ஆணியில் மாட்டினார். திண்டுக்கல்லில் வெயில் அதிகம் என்றார், கடைக்குப் போய்விட்டார். லெட் என்று இங்கிலீஷில் இருக்கிறதே, அதற்கு என் அப்பாவைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை. வழியில் நிற்காமல் நகர்ந்துகொண்டார்.

ஆனால் ஒன்று. என் அண்ணன் மதுரைக்குச் சினிமா பார்க்கப் போனான். கோயம்புத்தூர் மில்லுக்கு வேலைக்குப் போனான். அவனை 'விட்டார்கள்' என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. போனான் என்றுதான் சொல்வார்கள். என்னைத்தான் பள்ளிக்கூடத்துக்கு விட்டார்கள், டிரெய்னிங்குக்கு விட்டார்கள். நல்ல அப்பா இருந்த வீட்டிலேயே இதுதான் நிலவரம்.

பாத்துக்கலாம்

பூம்பாறையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மலையில் படிக்கட்டுப் படிக்கட்டாகப் பூண்டுத் தோட்டம், சொந்த வீடு, ஒரே பையன். அப்பா மறைக்காமல் சொன்னார், பெண் டிரெய்னிங் முடித்திருக்கிறாள், வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று. மாமனார் ஆகப்போகிறவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அதுக்கென்னங்க, பாத்துக்கலாம்" என்றார்.

தமிழில் இதைவிட மோசமான வார்த்தை எனக்குத் தெரியாது. கேட்டவனுக்குச் சரி என்று காதில் விழும். சொன்னவன் ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டான்.

பூம்பாறை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன். காலையில் கதவைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்க மூட்டம் கட்டிக் கிடக்கும். வெயில் ஏற ஏறத் தோட்டங்கள் ஒவ்வொரு தட்டாகத் தெரியும். அடுப்புக்கு மேலே பரணில் பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்கும். விபூதி வாசம் போய் என் மேலெல்லாம் பூண்டு வாசம் வந்தது. காப்பியில்கூட அடித்தது. என் டிரெய்னிங் சர்ட்டிபிகேட் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருந்தது.

என் வீட்டுக்காரர் பெயர் வேலுச்சாமி. அந்தக் காலத்தில் சொல்லமாட்டேன், இப்போது எழுதுகிறேன். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவர் கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், குரல் உயர்த்தமாட்டார். ஊரில் யாருக்கும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அந்தக் குணத்தை எல்லாரும் மெச்சுவார்கள். அதோடு குடித்தனம் நடத்திப் பார்க்கவேண்டும்.

கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூண்டு விற்கப் போனபோதுதான் பள்ளிக்கூடத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் சொன்னேன். "சும்மா போயிப் பாத்துட்டு வா" என்றார். எனக்குக் கிடைக்காது என்று நினைத்திருக்கிறார். கிடைத்துவிட்டது.

நீங்கள் நேரில் வந்து சொல்லவேண்டுமாம் என்றதும் காப்பி குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா என்ன சொல்கிறாரோ என்றார். மாமனாரைக் கேட்டேன். அத்தையைக் கேள் என்றார். அத்தை என் மாமியார், ஊரில் வாக்குள்ள மனுஷி. களை எடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"நாம யாருத்தா சொல்றதுக்கு? ஆத்தாகிட்டயே பூக் கேட்டுப்புடுவோம். அவ என்ன சொல்றாளோ அதுதான்."

ஆக, அந்த வீட்டில் கூடாது என்று சொல்ல ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் நான் நாலு பேரைக் கேட்கவேண்டும், அதில் ஒன்று கல்லாக இருந்தது.

பூக் கேட்டது

பூக் கேட்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் வைத்து, வாழைநாரால் ஒரே மாதிரி பொட்டலம் கட்டுவார்கள். சாமி முன்னால் போட்டுக் குலுக்கி, வயசுக்கு வராத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. யாருக்காகப் பூக் கேட்டார்களோ அவர்தான் அதைக் கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும்.

பொட்டலத்தைக் கட்டுகிறவர் அந்த விஷயத்தில் சம்பந்தப்படாதவராக இருக்கவேண்டும் என்பதும் முறை. மன்னவனூரிலிருந்து அத்தையின் தம்பி வந்து கட்டுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை நல்ல மழை, அவர் வரவில்லை. "நான் கட்டுறேன்" என்றார் என் வீட்டுக்காரர். யாரும் தப்பாக நினைக்கவில்லை. போகலாம் என்றும் சொல்லாமல் கூடாது என்றும் சொல்லாமல் இருந்த ஒரே ஆள் அவர்தானே.

தோட்டத்து மூலையில் இருந்த மேடைதான் ஆத்தா கோயில். மழை விட்டு இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. கற்பூரம் நமுத்துப்போய்ப் பற்றவே மாட்டேன் என்றது. பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்து அத்தை கையில் கொடுத்தாள். அத்தை நாரை இழுத்தார்.

சிவப்புச் செவ்வந்தி.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை, அவருக்கு என் மேல் பிரியம் உண்டு. "ஆத்தா வேணாங்குறா. மனசத் தேத்திக்கத்தா" என்றார். மாமனார் சரி, சோலியைப் பார்ப்போம் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை, மேடையில் ஒட்டியிருந்த இலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மற்றப் பொட்டலத்தை அத்தை என் கையில் வைத்து மூடினார்.

வாய்க்காலில்

எனக்கு யார் மேலும் சந்தேகம் வரவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னை ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

கோபம் ஆத்தா மேல்தான் வந்தது. நீயும் ஒரு பொம்பளைதானே, உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டுக்கொண்டே தோட்டத்தில் இறங்கினேன். சேறு காலை இழுத்தது. வாய்க்கால் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது. குனிந்தேன். விடவேண்டியதுதான் பாக்கி.

எனக்குக் கிடைக்காத அந்த வெள்ளையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் பிசகியிருந்தால் அது என்னுடையது. எப்படி இருந்தது, எவ்வளவு பெரிய பூ என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்றிருந்தது. பிரித்தால் கண் போய்விடும், குலம் விளங்காது என்றெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. நாரைப் பல்லால் கடித்து இழுத்தேன்.

சிவப்பு.

முதலில் எனக்குப் புரியவில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினேன், பைத்தியம் மாதிரி வாய்க்காலில்கூடத் தேடினேன். அப்புறம்தான் புரிந்தது. எதை எடுத்திருந்தாலும் சிவப்புதான் வந்திருக்கும். அந்தச் சின்னப் பெண் காலமெல்லாம் எடுத்துக்கொண்டே இருந்தாலும் எனக்கு வெள்ளை வந்திருக்காது.

ஆத்தாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அவளை யாரும் கேட்கவே இல்லை, பாவம்.

பரணுக்குக் கீழே

வீட்டுக்குப் பின்னால் பூண்டுக் கொட்டகையில் அவர் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் உள்ளங்கையை இழுத்துப் பூவை வைத்தேன். அதைப் பார்த்தார்.

"பிரிச்சுட்டியா" என்றார்.

அவருக்கு முதலில் தோன்றியது அதுதான். அவர் செய்தது இல்லை, நான் பிரித்தது.

ஏன் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பொண்டாட்டி சம்பாத்தியத்துல திங்குறான்னு ஊருல சொல்லுவாக. ஒன்னய வேணாம்னு சொல்ல எனக்கும் மனசு வரல. ஆத்தாவே சொல்லிட்டா ஒனக்கு எம்மேல கோவம் இருக்காதுல்ல."

அறுபது வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது. நான் போகவும் கூடாது, போகாததற்கு அவர்மேல் கோபப்படவும் கூடாது. இரண்டும் அவருக்கு வேண்டும். அதற்காகப் பெற்ற தாயையும் கும்பிடுகிற சாமியையும் ஒருசேர ஏமாற்றினார், ஒரு வாழைநாரைக் கொண்டு. கூடாது என்று மூஞ்சிக்கு நேராக என்னிடம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், மனுஷன் என்று ஒரு மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

அத்தையிடம் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்தார். அத்தைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மகனை வாசற்படி மிதிக்க விடமாட்டார். அப்புறம் மன்னவனூரிலிருந்து தம்பியை வரவழைத்து, முறைப்படி மறுபடியும் பூக் கேட்பார். மறுபடியும் ஒரு பிள்ளை கையை நீட்டும். அதில் நிஜமாகவே சிவப்பு வந்துவிட்டால்? என் வேலையை இன்னொரு தரம் பொட்டலத்தில் வைத்துக் குலுக்க நான் தயாராக இல்லை.

"நான் சொல்லல" என்றேன். "திங்கக்கிழமை வெள்ளனே எங்கூட பஸ்ஸுல வாங்க. டெய்சி டீச்சர்கிட்ட சொல்லுங்க."

நாற்காலி

வந்தார். வெளுத்த வேட்டி, கல்யாணத்துச் சட்டை. பஸ் ஜன்னலுக்குத் தார்ப்பாய் மறைப்பு, உள்ளே குளிர் வெடவெடத்தது.

டெய்சி டீச்சர் எழுந்து நின்று அவரை வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரவழைத்தார். வேலைக்கு வந்தவள் நான். அந்த அறையில் எனக்கு நாற்காலி இல்லை, சுவரோரம் நின்றேன். மாதிரிப் பாடம் நடத்திய அன்றும் எனக்கு யாரும் காப்பி கொடுக்கவில்லை.

நீங்கள் பெர்மிட் பண்ணுகிறீர்களா என்று இங்கிலீஷும் தமிழுமாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அலவ் பண்றேனுங்க" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார், எந்த வார்த்தை நன்றாக இருக்கும் என்று. டெய்சி டீச்சருக்கு மனம் நிறைந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, நீ ரொம்பக் கொடுத்து வைத்தவள் என்றார்.

அவர் பேர் வாங்கிய கதை

நான் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பூம்பாறை பேசியது. ஆத்தா சிவப்புக் கொடுத்தாள், அப்படியும் வேலுச்சாமி பெண்டாட்டியை விட்டிருக்கிறான். சாமிக் குத்தம் வந்தாலும் தன் தலையில் விழட்டும் என்று விட்டிருக்கிறான். என்ன மனசு பாருங்கள் என்றார்கள். சந்தையில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். தெய்வத்தையே எதிர்த்துப் பெண்டாட்டிக்காக நின்றவர் என்று பெயர் வந்துவிட்டது.

அவர் ஒரு நாளாவது மறுத்தாரா? இல்லை. அவருக்குத்தான் இல்லை என்று சொல்ல வாய் வராதே.

எனக்கு வந்த பெயர் வேறு. மாடு கன்று போடவில்லையா, டீச்சரம்மா போன நேரம். மாமனாருக்கு இருமலா, ஆத்தா சொல் கேட்காதவள் வீட்டில் இருக்கிற நேரம். அத்தை வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார். காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், திரும்பமாட்டார். என்மேல் பிரியம் வைத்த மனுஷி அப்படி உட்கார்ந்ததுதான் எனக்கு வலித்தது. ஒரு வார்த்தை சொன்னால் அந்த முதுகு திரும்பிவிடும். சொன்னால் மறுபடியும் பூக் கேட்பார், வேலை போனாலும் போய்விடும்.

அடுத்த சித்திரையில் ஆலங்கட்டி மழை கொட்டியது. பூண்டுத் தாள் எல்லாம் மிதித்த மாதிரி படுத்துவிட்டது. ஊர் முழுக்கத்தான் நஷ்டம். ஆனால் எங்கள் தோட்டத்துக்கு மட்டும் காரணம் இருந்தது. நான் மேடைக்கு முன்னால் விழுந்து ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார் அத்தை. வெள்ளிக்கிழமை ஊர்ப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் கற்பூரத் தட்டோடு பக்கத்தில் நின்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டேன்.

"நீங்க விழுங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அந்தச் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கியது. உண்மையாகவே அழுதார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தட்டில் கற்பூரம் எரிந்து முடிகிறவரை அப்படியே கிடந்தார்.

"ஏலே வேலு, போதும்டா, எந்திரி" என்று அத்தை அழுதார். சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெண்டாட்டி செய்ததற்கு இவன் விழுந்து மன்னிப்புக் கேட்கிறான் பார், இந்தக் காலத்தில் எவன் செய்வான் என்று ஒருத்தி சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நின்றேன். அவர் செய்த குற்றத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்டதும் அவர் கணக்கிலேயே புண்ணியமாகச் சேர்ந்துவிட்டது.

மறுபடியும் ஈரப் பலகை

ஆடி வந்தது. அதே வகுப்பு, புதுப் பெண்கள், அதே பாடம். பலகை வேர்த்திருந்தது. லெட், அலவ், பெர்மிட் என்று எழுதி, போன வருஷம் சொன்னதையே சொன்னேன்.

உதாரணம் எழுத யார் வருகிறீர்கள் என்றதும் பவளக்கொடி வந்தாள். பூம்பாறைப் பெண், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள். சித்திரை லீவில் ஊருக்கு வந்திருந்து, மேடைக்கு முன்னால் நடந்ததைக் கூட்டத்தில் நின்று பார்த்தவள். சாக்பீஸை அழுத்தி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதினாள். என் டீச்சரின் கணவர் என் டீச்சரை வேலைக்குப் போக அலவ் செய்தார்.

'டு' அதன் இடத்தில் இருந்தது. எழுத்துப் பிழை இல்லை. கையெழுத்துகூட அழகாக இருந்தது.

"சரியா டீச்சர்?"

"வாக்கியம் சரி" என்றேன். "சங்கதி பொய்."

பவளக்கொடிக்கு முகம் சுருங்கிவிட்டது. நம்ம ஊரில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள் என்றாள். தெரியும் என்றேன்.

"அப்ப எந்த வார்த்தை போடணும் டீச்சர்? லெட்டா, பெர்மிட்டா?"

நான் டஸ்டரை எடுத்தேன். அலவ் என்பதை அழித்தேன். கணவர் என்பதை அழித்தேன். டீச்சரும் வேலையும் மட்டும் மிஞ்சின. இரண்டுக்கும் நடுவில், என் அண்ணன் விஷயத்தில் எங்கள் வீட்டில் சொல்வார்களே, அந்தச் சொல்லை எழுதினேன். டீச்சர் வேலைக்குப் போனார்.

எல்லாரும் இதை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஈரப் பலகையில் டஸ்டர் சரியாக அழிக்காது. கணவர் என்று எழுதிய இடம் வெள்ளையாக, வாசிக்கிற மாதிரியே தெரிந்துகொண்டிருந்தது.

முந்தானையை உருவிச் சுருட்டி, கறுப்பு தெரிகிறவரை தேய்த்தேன்.